பாஸ் இருக்கிறது, பஸ் இல்லை

மக்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டாய். அப்புறம் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் நடுவில் "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று உன்னால் சொல்ல முடியாது, பார்.

ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள், அதுதான் எம்.எஸ்.பி.க்கள், எழுத்தில் கேட்கிற கேள்விகளுக்கு அமைச்சர் பேரில் பதில் எழுதுவது உன் வேலை. உன் அம்மாவே ஒரு எம்.எஸ்.பி.யைப் பிடித்துக் கேள்வி போட வைத்துவிட்டாள், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதானே உன் கோபம்? நீ சுகாதாரப் பக்கம், இது பஸ் சமாச்சாரம், உன் மேசைக்கு வராது என்று தெரிந்துதான் போனேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் உனக்குத்தான் சங்கடம்.

நடந்ததைக் கேள். எதிர்வீட்டுப் பாட்டியின் வீட்டுக்காரர் கேர் ஹோமில் இருக்கிறார் இல்லையா? பாட்டி தினமும் மத்தியானம் போய், அவருக்குச் சாயங்காலச் சாப்பாடு ஊட்டிவிட்டு, நாலரை மணி பஸ்ஸில் திரும்புவார். ஒரு திங்கட்கிழமை அந்த பஸ் வரவில்லை. நாற்பது நிமிஷம் மழையில் நின்றிருக்கிறார். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். பஸ் நிறுத்தக் கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டியிருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து மை கரைந்து, "இந்தத் தேதி முதல்" என்பது மட்டும் தெரிந்தது. தேதியைக் காணோம். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பாட்டி கைப்பையைத் திறந்து தன் பஸ் பாஸை எடுத்துக் காட்டினார். 60 வயதானவர்களுக்கு 2006 முதல் ஸ்காட்லாந்து முழுக்க இலவசம். 2022 ஜனவரி முதல் 22 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இலவசம். பாட்டியிடம் பாஸ் இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, உன் தம்பியிடம் இருக்கிறது. ஏறுவதற்கு பஸ்தான் இல்லை.

உன்னிடமே கேட்டிருக்கலாமே என்றாய். நீ எனக்கு என்ன சொல்லியிருப்பாய்? பஸ் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை 1986இல் எடுத்துவிட்டார்களம்மா, லாபம் இல்லாத தடத்தைக் கம்பெனிக்காரர்கள் நிறுத்தலாம் என்று சொல்லியிருப்பாய். சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்குள் கேட்டால் அது பேச்சோடு போச்சு. நாடாளுமன்றத்தில் கேட்டால் கேள்விக்கு ஒரு நம்பர் விழும், பதிலுக்குக் கீழே ஒரு அமைச்சரின் பெயர் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். தெரிந்தே நாடாளுமன்றத்தைத் திசைதிருப்பினால் அமைச்சர் ராஜினாமா கொடுக்க முன்வர வேண்டும் என்று அமைச்சர்களுடைய நடத்தை விதியிலேயே இருக்கிறது. நீதான் வேலையில் சேர்ந்த புதிதில் பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெருமையை நம்பித்தான் போனேன்.

நமக்கு எம்.எஸ்.பி. ஒருவர் இல்லையாம், எட்டுப் பேராம்! தொகுதிக்கு ஒருவர், வட்டாரத்துக்கு ஏழு பேர். இத்தனை வருஷம் ஓட்டுப் போட்டும் எனக்கு இது தெரியாது. லைப்ரரியில் வெள்ளிக்கிழமை "சர்ஜரி", அதாவது மக்களை நேரில் பார்த்துக் குறை கேட்கும் நேரம், வைக்கிறவர் யாரோ அவரிடம் போனேன். டாக்டரின் கிளினிக்கும் சர்ஜரி, எம்.எஸ்.பி. வைப்பதும் சர்ஜரி. இந்த ஊரில் வார்த்தைக்குப் பஞ்சம்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா, மகனுடைய விசா விஷயமாக வந்திருந்தார். குடியேற்றம் லண்டன் கையில், எடின்பரோ அமைச்சரைக் கேட்டுப் பயனில்லை, உங்கள் எம்.பி.யைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பாவம், அவருக்கு எந்த அரசாங்கம் எது என்று எப்படித் தெரியும்? உன் தாத்தா நாகர்கோவிலில் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போவார். எந்த மனுவாக இருந்தாலும் அங்கே வாங்கிக்கொள்வார்கள். பதில் வருமா என்பது வேறு விஷயம்.

என் முறை வந்தது. லேப்டாப்போடு ஒரு சின்னப் பையன், உன் வயசுதான் இருப்பான். "அமைச்சரிடம் என்ன கேட்க வேண்டும்?" என்றான். பஸ்ஸை ஏன் நிறுத்தினார்கள் என்று கேள் என்றேன். "அது கம்பெனியின் முடிவு என்றுதான் பதில் வரும். அமைச்சர் கையில் இருப்பதைக் கேட்டால் நல்லது" என்றான். நான்தான் பிடிவாதக்காரி ஆயிற்றே, அதையே கேளு என்றேன்.

எஸ்6டபிள்யூ என்று தொடங்கி ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பர் வந்தது. 10 வேலை நாளில் பதில் வர வேண்டும். பத்தாவது நாள் வந்தது, விரைவில் பதில் தருகிறோம் என்கிற பதில். அதற்கு "ஹோல்டிங் ஆன்சர்" என்று பெயர் என்று அந்தப் பையன் சொன்னான். அடுப்பில் உலை கொதிக்கிறது, இலை போட்டு உட்காருங்கள் என்கிற மாதிரி. அப்புறம் சோறும் வந்தது. நாலு பத்தி. பொதுப் போக்குவரத்தில் அரசுக்கு இருக்கும் அக்கறை ஒரு பத்தி, இலவச பாஸ் திட்டம் ஒரு பத்தி, 2019 போக்குவரத்துச் சட்டம் கவுன்சில்களுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றங்களுக்கு, தந்திருக்கும் அதிகாரம் ஒரு பத்தி. கடைசிப் பத்தியில்தான், குறிப்பிட்ட சேவைகள் அவற்றை நடத்துகிறவர்களின் வணிக முடிவு என்று இருந்தது. பையன் சொன்னது அச்சு மாறாமல் வந்திருந்தது.

நியாயமாகச் சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கப்பலுக்கு ஜன்னல் வரைந்தார்களே, அது மாதிரி இருக்கிறது" என்றார். 2017 நவம்பரில் க்ளென் சானக்ஸ் கப்பலைத் தண்ணீரில் இறக்கியபோது, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட்டால் ஜன்னல் வரைந்திருந்தார்களே, அதைச் சொல்கிறார். அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஆரன் தீவுக்கு ஓட 2025 ஜனவரி ஆகிவிட்டது. மேற்குக் கரைக்காரர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

மறுபடி லைப்ரரிக்குப் போனேன், இந்தத் தடவை பையன் சொன்னபடி. 2019 சட்டப்படி கவுன்சிலே பஸ் ஓட்டலாம் என்று அவர்கள் பதிலிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டோம். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அப்படி பஸ் ஓட்ட எங்கள் கவுன்சில் அரசிடம் பணமோ உதவியோ கேட்டிருக்கிறதா? பதில் ஒரே வரி. அப்படிக் கோரிக்கை எதுவும் வரவில்லை.

அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா! "இல்லை" என்று சுத்தமாகச் சொல்லிவிட்டார்கள். அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போனேன். அதுவரை "அரசாங்கம் பணம் தரவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பஸ் வருமா என்று எனக்குத் தெரியாது. யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதாவது தெரிந்தது.

நீ ஃபோனில் சொன்னதற்கு வருகிறேன். ஒரே எம்.எஸ்.பி. இந்த வாரம் பதினேழு கேள்வி போட்டிருக்கிறார், எங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்றாய். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதால் சிலர் சும்மா அடுக்குவார்கள், பத்திரிகையில் பெயர் வர, கட்சிச் சண்டைக்கு. ஒத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம் முதல் அமைச்சரிடம் நேரில் கேட்கிறார்களே, அந்தக் கூச்சலை டிவியில் பார்க்கிறேன், அதில் பாதி நாடகம். ஆனால் உன்னிடம் வரும் பதினேழில் ஒன்றை லைப்ரரியில் உட்கார்ந்து என்னை மாதிரி ஒருத்தி கேட்டிருப்பாள். எது அவளுடையது என்று உனக்குத் தெரியாது.

இன்னொன்று. "அந்தத் தகவல் மையமாகத் தொகுக்கப்படவில்லை" என்ற வரியை நீயும் எழுதுவாய்தானே? எனக்கு அதைப் பார்த்தாலே சுருக்கென்கிறது. 22 வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தேன். யார் எத்தனை மணிக்கு விழுந்தார், யாருக்குப் படுக்கைப் புண் வந்தது, எந்த ராத்திரி ஆள் குறைவு, எல்லாம் எழுதி எழுதிக் கை வலித்தது. அத்தனையும் எங்கேதான் போயிற்று? வட்டாரவாரியாக ஆஸ்பத்திரிகளை நடத்தும் 14 ஹெல்த் போர்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு, எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்க்க ஆளும் நேரமும் இல்லை என்று நீ சொன்னது புரிகிறது. கிளைக் கடையில் கணக்கு இருக்கிறது, முதலாளியிடம் இல்லை. அப்படியானால் எந்தக் கிளையில் கேட்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்து எழுது, மக்ளே. சிலர் எழுதுகிறார்கள், பார்த்திருக்கிறேன். உன் மேலதிகாரி வெட்டினால் வெட்டட்டும், நீ எழுதி அனுப்பு.

உன் வேலையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. நீ எழுதுகிறாய், உனக்கு மேலே ஒருவர் திருத்துகிறார், அவருக்கு மேலே இன்னொருவர், கடைசியில் அமைச்சர் பார்க்கிறார். உன் பெயர் எங்கேயும் வராது. ராத்திரி பத்து மணிக்கு நீ உட்கார்ந்து சரிபார்த்த எண் தப்பாக இருந்தால் மட்டும் உன்னைத் தேடுவார்கள். வார்டிலும் அப்படித்தான் இருந்தது.

பாட்டியை இப்போது வாரம் மூன்று நாள் அப்பா காரில் கொண்டு விடுகிறார். மற்ற நாளில் டாக்சிக்குக் கொடுக்கிறார், பென்ஷனில்.

இந்தச் சனிக்கிழமை வருகிறாயா? உன் எடின்பரோவில் கவுன்சில் பஸ் வாசலுக்கே வருகிறது, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் இறங்கி நின்றுவிடாதே. எந்த ரயில் என்று முன்னாடியே அனுப்பு. அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். நெத்திலிக் கருவாடு வந்திருக்கிறது, நீ வந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

அம்மா