டாக்கா ஸ்டேடியத்தை மறந்துட்டோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பல இனம், பல மொழி இருக்குற நாட்டை ராணுவம் ஆண்டாதான் உடையாம இருக்கும்னு பாகிஸ்தானைப் பத்திப் பேசுறப்ப நிறைய பேர் சொல்றாங்க, என்னால இதை சுத்தமா ஒத்துக்க முடியல. 1970 நாடாளுமன்றத் தேர்தல்ல கிழக்கு பாகிஸ்தானோட (இப்போ பங்களாதேஷ்) 162 பொதுத் தொகுதியில 160-ஐ அங்கத்திய கட்சியான அவாமி லீக் ஜெயிச்சுது, மொத்த சபையிலயும் அவங்களுக்குத்தான் மெஜாரிட்டி, ஆனா 1971 மார்ச் 3 கூட வேண்டிய சபையை அப்போ நாட்டை ஆண்ட ஜெனரல் யாஹ்யா கான் மார்ச் 1 அன்னிக்கு தேதியே சொல்லாம தள்ளி வெச்சுட்டாரு. அந்த நேரம் டாக்கா ஸ்டேடியத்துல கிரிக்கெட் மேட்ச், ரேடியோவுல நியூஸ் வந்ததும் ஜனங்க மேட்சை அப்படியே விட்டுட்டு கோஷம் போட்டுக்கிட்டே தெருவுக்கு வந்துட்டாங்க. மார்ச் 25 ராத்திரி ராணுவம் இறங்குச்சு, டிசம்பர்ல கிழக்கு பாகிஸ்தான் பங்களாதேஷா பிரிஞ்சு நாடே ரெண்டாச்சு. உடைச்சது யாருங்க?

சிவில் ஆட்சி வந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல, 1973ல பலுசிஸ்தான் மாகாண அரசைக் கலைச்சு ராணுவத்தை அனுப்புனது தேர்தல்ல ஜெயிச்சு வந்த சிவில் தலைவர் சுல்பிகர் அலி பூட்டோதான். ஆனா 2010ல அரசியலமைப்புல 18வது திருத்தம் கொண்டுவந்து மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுத்ததும், பஷ்தூன் மக்களோட பேரு வர்ற மாதிரி வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துக்கு கைபர் பக்துன்க்வானு பேரை மாத்துனதும் நாடாளுமன்றம்தான், எந்த ஜெனரலும் இதைச் செய்யல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்