மார்ச் 6-க்கு முன்னாடி படிச்சிடு கண்ணா

கண்ணா,

நேத்து குட்டி அழுதான்னு பாதில போன வச்சிட்ட, மிச்சத்த எழுதியே அனுப்பறேன். டிக்கெட் கிடைச்சிருச்சுடா! மார்ச் 7, 2026 சனிக்கிழமை, அமெரிக்கா - கிரேட் பிரிட்டன் பேஸ்பால் மேட்ச், அப்பாவும் நானும் போறோம். 6ஆம் தேதி பிரேசில், 9 மெக்சிகோ, 10 இத்தாலி, இந்த மூணும் வீட்ல டிவில தான். வேர்ல்டு பேஸ்பால் கிளாசிக், அதான் நாடுங்க ஆடற உலகக் கோப்பை, நம்ம ஹூஸ்டன்ல, நீ சின்ன வயசுல மஸ்டர்ட் கொட்டிக்கிட்டு உக்காந்த அதே கிரவுண்டுல நடக்குதுன்னா எனக்கு எப்படி தூக்கம் வரும் சொல்லு. பேரு தான் இப்ப டைக்கின் பார்க், எனக்கு அது இன்னும் மினிட் மெய்ட் பார்க் தான்.

நம்ம ஊர் டீம் ஆஸ்ட்ரோஸ் மேட்ச்னா எனக்கு கவலையே இல்ல, எதிர்ல ரேஞ்சர்ஸ் ஆகட்டும் மேரினர்ஸ் ஆகட்டும், வருஷத்துக்கு 13 தடவை பாக்கறோம், எவன் எந்த கட்டத்துல என்ன பந்து போடுவான்னு மனப்பாடமா தெரியும். ஆனா இப்ப வர்ற டீம்ல பாதி பேர நான் ஒரு பந்துகூட ஆடி பாத்ததில்ல. அதனால பழைய ஸ்கோர் புக்க எடுத்து டைனிங் டேபிள்ல வச்சிருக்கேன், நீ லிட்டில் லீக் ஆடும்போது வாங்கினது, கடைசில பத்து பக்கம் காலியா இருந்துச்சு. ஒவ்வொரு பேரையும் தமிழ்ல எழுதி பழகறேன், அப்ப தான் மேட்ச் நடக்கும்போது கை தடுமாறாது. பஸ்குவாண்டினோ. ஆல்டெகேரி. இத்தாலி டீம்ல வர்ற இந்த ரெண்டு பேரோட பேரும் அந்த சின்ன கட்டத்துக்குள்ள அடங்க மாட்டேங்குது, பென்சில கூரா சீவி சீவி எழுதறேன்.

நீ சொன்னல்ல, பிரேசில் எல்லாம் ஒரு டீமா, ஏழு இன்னிங்ஸ்ல பத்து ரன் வித்தியாசம் வந்து மேட்ச் முடிஞ்சிரும்னு, அத தான் நான் ஒத்துக்க மாட்டேன். தெரியாத பிட்சர் தான்டா ஆபத்து. 2023ல டோக்கியோல செக் நாட்டு பிட்சர் சடோரியா ஜப்பானோட பெரிய ஸ்டார் ஒட்டானிய ஸ்ட்ரைக் அவுட் பண்ணினானே, ஞாபகம் இருக்கா? எலெக்ட்ரிஷியன் வேலை பாக்கற ஆளு, மணிக்கு 80 மைல்கூட வராத பந்து, ஒட்டானி சுத்தி முடிச்சப்பறம் தான் பந்தே வந்து சேந்துச்சு. மேட்ச்ச ஜப்பான் 10-2ன்னு ஜெயிச்சிருச்சு, அது வேற. ஆனா முதல் தடவை பாக்கும்போது எவ்ளோ பெரிய பேட்டரா இருந்தாலும் பந்து கையிலேர்ந்து எங்க விடுபடுதுன்னு கண்ணு பழக டைம் வேணும். இதுல முதல் ரவுண்டுல ஒரு பிட்சர் 65 பந்துக்கு மேல போடக்கூடாது, அப்ப நம்ம பேட்டர் அவன பழகறதுக்குள்ள அவன் உள்ள போய் உக்காந்துருவான், புதுசா இன்னொருத்தன் வருவான், மறுபடி முதல்லேர்ந்து. நம்ம அமெரிக்க டீமுக்கு ஜட்ஜ் கேப்டன்னா என்ன, அவனுக்கும் அதே கதி தான். ஒரே ஆறுதல், நம்ம கிரவுண்டுல லெஃப்ட் ஃபீல்டு சுவர் 315 அடி தூரம் தான், ஆஸ்ட்ரோஸ்ல ஆடின நம்ம பிரெக்மன் அங்க எத்தன ஹோம் ரன் அடிச்சிருக்கான்!

பிரேசில்ல பேஸ்பால் எப்படி பரவுச்சு தெரியுமா, 1908லேர்ந்து ஜப்பான்லேர்ந்து கப்பல் ஏறி காபி தோட்டத்துல பிழைக்க போனவங்க பரப்பினது. போன இடத்துல கஷ்டத்துக்கு நடுவுல மட்டைய விடல பாரு. அதுல ஒரு வேடிக்கை, 2013ல அதே பிரேசில் ஃபுகுவோகால ஜப்பானோட ஆடி எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் 3-2ன்னு முன்னாடி இருந்தாங்க, அப்பறம் 5-3ன்னு தோத்தாங்க. அதுக்கப்பறம் இப்ப தான் திரும்ப வர்றாங்க, போன வருஷம் டூசான்ல ஜெர்மனிய ஜெயிச்சு கடைசி இடத்த பிடிச்சாங்க.

அந்த டீம்ல ஒரு பிட்சர் இருக்கான், 17 வயசு, ஸ்கூல் பையன். யாரு பையன்னு நினைக்கற? ஹோசே காண்ட்ரேரஸ் பையன்! அப்பா கியூபா, அம்மா பிரேசில். 2005ல மேஜர் லீக் ஃபைனல், அதான் வேர்ல்டு சீரிஸ்ல, சிக்காகோவுக்காக முதல் மேட்ச்ல நம்ம ஆஸ்ட்ரோஸ தோக்கடிச்சாரே அதே காண்ட்ரேரஸ். அந்த சீரிஸ்ல மூணாவது மேட்ச் இங்க நடந்துச்சு, 14 இன்னிங்ஸ், ராத்திரி ஒரு மணி தாண்டிருச்சு. உனக்கு ஒன்பது வயசு, தூங்க மாட்டேன்னு அடம் பிடிச்சு பதினோராவது இன்னிங்ஸ்ல என் மடிலயே தூங்கிட்ட. சிக்காகோவோட ப்ளம் ஹோம் ரன் அடிச்சப்ப எனக்கு கத்தணும் போல இருந்துச்சு, நீ முழிச்சிருவன்னு புடவைய வாயில வச்சு அடக்கிக்கிட்டு அழுதேன். காலைல நீ எழுந்து "ஜெயிச்சோமாம்மா"ன்னு கேட்டல்ல, அந்த முகத்த நான் மறக்கல. இப்ப அந்த மனுஷனோட பையன் நம்ம கிரவுண்டுல பந்து போட வர்றான், அவன பாத்தா எனக்கு கோவம் வராது, நல்லா ஆடட்டும்னு தான் தோணும்.

இத்தாலி பத்தி சுருக்கமா சொல்றேன். 2023ல கியூபாவ பத்து இன்னிங்ஸ்ல ஜெயிச்சவங்க, டக்அவுட்லயே எஸ்பிரெஸோ மிஷின் வச்சிருந்தாங்க. ஆல்டெகேரி வெரோனா பக்கத்து பையன், இத்தாலிலயே பிறந்து வளந்து மேஜர் லீக் வந்த முதல் பிட்சர். மெக்சிகோ தெரியாத டீம் இல்ல, தெரிஞ்சதனால தான் பயம், போன தடவை நம்மள 11-5ன்னு அடிச்சாங்க, மெனசஸ் மட்டும் ரெண்டு ஹோம் ரன்.

சரி, நீ இப்ப லண்டன்ல இருக்கல்ல, உன் ஊர் டீமுக்கு வர்றேன். பிரிட்டன லேசா நினைக்காத. போன தடவை தான் முதல்முறையா வந்தாங்க, வந்த உடனே நம்ம வெயின்ரைட்டோட பந்த முதல் இன்னிங்ஸ்லயே ட்ரேஸ் தாம்சன் ஹோம் ரன் அடிச்சு வெளிய அனுப்பினான். நாம 6-2ன்னு ஜெயிச்சோம், ஆனா அவங்க ரெண்டு நாள் கழிச்சு கொலம்பியாவ 7-5ன்னு ஜெயிச்சு இந்த வருஷ இடத்த அப்பவே உறுதி பண்ணிக்கிட்டாங்க. இந்த தடவை பஹாமாஸ்லேர்ந்து ஜாஸ் சிஸம் வேற வர்றான். கேட்சர் ஹாரி ஃபோர்டு அட்லாண்டால பிறந்த பையன், அப்பா அம்மா இங்கிலாந்துலேர்ந்து வந்தவங்க, அதனால அவன் அந்த ஜெர்ஸி போடலாம், ரூல் அப்படி. நான் இத படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன் கண்ணா. நீ ஹூஸ்டன்ல பிறந்தவன், குட்டி லண்டன்ல பிறந்தவன், அப்ப அவன் ரெண்டு டீமுக்கும் ஆடலாம். நான் மதுரைல பிறந்ததால நீ இந்தியாவுக்குகூட ஆடிருக்கலாம். குட்டி எந்த ஜெர்ஸி போட்டாலும் நான் ஸ்டேடியத்துல இருப்பேன், அதுவரைக்கும் உடம்ப பாத்துக்கறேன்.

மேட்ச் இங்க சாயங்காலம் ஏழு மணிக்கு, அப்ப உனக்கு ராத்திரி ஒரு மணி. ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிருவாங்க, உங்க ஊர்ல மாச கடைசில தான், அதனால மெக்சிகோ மேட்ச் உனக்கு பன்னெண்டு மணிக்கே ஆரம்பிச்சிரும், மறந்து ஒரு மணிக்கு எழுந்து உக்காராத. சனிக்கிழமை முழுசும் முழிக்க வேண்டாம், மறுநாள் குட்டிய பாக்கணும், மருமகளும் பாவம். முதல் இன்னிங்ஸ் மட்டும் போன்ல இரு. பிரிட்டன் பிட்சரோட முதல் பத்து பந்த மட்டும் நீ டிவில பாத்து என்ன போடறான்னு சொல்லு, எங்க சீட் மேல ரொம்ப தூரம், அங்கேர்ந்து எனக்கு கர்வ்பாலா ஸ்லைடரான்னு இப்பல்லாம் கண்ணு பிடிபடல, நீ சொன்னா நான் எழுதிக்கறேன்.

அம்மா