கூரைமேல் ஓடக் கற்றுத்தந்த அண்ணனுக்கு

1990களின் நடுவில், பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய சந்தில், மணிக்கணக்குக்குக் காசு வாங்கி டிவி கேம் ஆடவிட்ட கடையில் எனக்கு உதவிய, பெயர் கேட்கத் தவறிய அண்ணனுக்கு இந்த நன்றி.

1985இல் வெளிவந்த சூப்பர் மேரியோவில், முதல் உலகத்தின் இரண்டாவது கட்டமான சுரங்கத்திலேயே என் விடுமுறைக் காசெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று பார்த்த நீங்கள், பொத்தான் எழுத்துகள் தேய்ந்துபோன ஜாய்ஸ்டிக்கை வாங்கி, கடைசியில் மேலேறும் பலகையிலிருந்து செங்கல் கூரைக்குத் தாவி, திரையின் மேல்விளிம்பில் மதிப்பெண்களை உரசியபடி மேரியோவை ஓடவிட்டு, வெளியேறும் குழாயையும் தாண்டிச் சென்றீர்கள். அங்கே 4, 3, 2 என்று எண்ணிட்ட மூன்று குழாய்கள் நின்றன. நேரே நான்காம் உலகத்துக்கே போய்விடலாம் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நீங்கள் இறங்கவில்லை. குழாயின்மேல் மேரியோவை நிறுத்திவிட்டு, "கீழ்ப் பட்டன நீயே அமுக்குலே" என்று ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் தந்தீர்கள்.

(காண்ட்ரா என்ற இன்னொரு கேமில் 30 உயிர் பெறும் பொத்தான் வரிசையைச் சொல்ல, என் வகுப்புத் தோழன் இரண்டு கடலைமிட்டாய் கறந்தான்.)

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சிப் பக்கம் போய்விட்டீர்கள்.