உறுமியை இரைச்சலென்று கழித்துவிடாதே

அன்புத் தம்பிக்கு,

சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, சுத்தம் செய்து நீ அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். குரல் பளிச்சென்று வருகிறது. ஆனால் உறுமி எங்கே போயிற்று? அடி மட்டும் விழுகிறது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் முனகல் அடியோடு காணோம். பஜனைக் கேசட்டில் சுருதிப் பெட்டியும் பாதி கரைந்துவிட்டது.

காரணம் நீ மாதிரி எடுத்த இடம். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு எதை மாதிரியாகக் காட்டுகிறோமோ, அதைப் போன்ற எல்லாவற்றையும் அது நாடா முழுக்கத் தேடிக் கழிக்கும். பாட்டு நின்ற இடத்தை நீ காட்டியிருக்கிறாய். பாட்டுதான் நின்றது, சுருதிப் பெட்டி நிற்கவில்லை, உறுமிக்காரரும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார். நாடாவின் தொடக்கத்தில் லீடர் என்னும் பதிவு ஏறாத முனைத் துண்டு முடிந்து மைக் திறப்பதற்கு முன் வெறும் சீறல் மட்டும் கேட்கும். அதில் ஒரு வினாடி கிடைத்தால் போதும், அதுதான் மாதிரி. குறைப்பளவை 6 டெசிபலில் வை. 12க்கு மேல் போனால் ஜால்ராவின் ஓசை தண்ணீருக்குள் கொப்பளிப்பது போல ஆகிவிடும்.

இனி எந்தச் சத்தத்தைத் தொடுவதற்கு முன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்: இது மண்டபத்தில் எழுந்ததா, இயந்திரத்தில் எழுந்ததா? ஜிங்க் கூரையில் விழுந்த மழை, சடக்கில், அதாவது சாலையில், போன லாரி, மார்கழி பஜனைக்கு நடுவே தோட்டத் தொழிலாளரை வேலைக்குத் திரட்ட அடித்த பெரட்டு மணி, பாடுகிறவர் தொண்டையைச் செருமுவது எல்லாம் மண்டபத்தைச் சேர்ந்தவை. ஒன்றையும் வெட்டாதே. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கும் இடத்தில் தாளம் தப்பி முன்னாலேயே நுழைய, ஜால்ரா சற்று ஓங்கி அடித்து அவரை இழுத்துப் பிடிக்கிறது. அந்த ஐந்து வினாடியை நீ வெட்டி ஒட்டியிருக்கிறாய். அந்தக் குழு எப்படிச் சேர்ந்து பாடியது என்பதற்கு அந்தக் கேசட்டில் அதைவிட நல்ல சாட்சி இல்லை. 1963இல் கிங்ஸ்மென் குழு பதிவு செய்த ‘லூயி லூயி’ பாட்டிலும் பாடகர் கிதார் வாசிப்புக்குப் பின் முந்திக்கொண்டு நுழைந்து, சட்டென்று நிறுத்துகிறார்; டிரம் அடிப்பவர் இடைவெளியை நிரப்புகிறார். அப்படியே வெளியிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போயிற்று.

ஓங்கி ஓர் அடி விழுந்ததும் குரல் அமுங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவதையும் அதோடு கூட்டத்தின் சலசலப்பு பெரிதாவதையும் நாடாவின் கோளாறு என்று எழுதியிருந்தாய். அது ரெக்கார்டரின் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு. பெரிய சத்தம் வந்தால் அளவைச் சட்டென்று குறைக்கும், அமைதியானால் மெல்ல ஏற்றும். 1967இல் பீட்டில்ஸ் ‘எ டே இன் த லைஃப்’ பாட்டின் கடைசிப் பியானோ ஒலி தேய்ந்து மறையும்போது, அது நீடிக்க வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் அளவைக் கையாலேயே ஏற்றிக்கொண்டு போனார். அதனால்தான் முடிவில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவது கேட்கிறது. உன் கேசட்டில் அதே வேலையை இயந்திரம் செய்திருக்கிறது. அதை எந்த இரைச்சல் நீக்கியாலும் திருத்த முடியாது, விட்டுவிடு.

இயந்திரக் கோளாறுகளை முடிந்தவரை கேசட்டை ஓட்டும் டெக்கிலேயே சரிசெய்ய வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் உடனே டிரபிளை, அதாவது கீச்சொலியின் அளவை, ஏற்றாதே. நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு திருகு இருக்கும். அது ஹெட்டின் சாய்வை மாற்றும். இரண்டு சேனலையும் மோனோவாக இணைத்துக் கேட்டபடி, கூர்மை உச்சத்துக்கு வரும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பு. கால் சுற்றுக்கு மேல் போகாதே. பாட்டு தொடங்கும் முன்பே அதே குரல் மங்கலாகக் கேட்கிறதே, அது அடுத்த சுற்றின் காந்தப் பதிவு இந்தச் சுற்றில் ஒட்டியது. கேசட்டில் ஒன்றரை முதல் மூன்று வினாடி முன்னால் வரும். மெல்லிய நாடா உள்ள 90 நிமிடக் கேசட்டில் அதிகம். ஏற்றுவதற்கு முன் மூன்று முறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றினால் ஓரளவு குறையும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதே.

மின்சாரத்தால் எழும் ‘ம்ம்’ என்ற ரீங்காரமான ஹம்மை மட்டும் அவசரப்பட்டு நீக்காதே, அது உனக்கு வேண்டும். நம் மலேசிய நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அன்றைக்கு ஆம்பிளிஃபயரிலிருந்து நாடாவில் ஏறிய ஹம்மும் ஏறத்தாழ அதேதான். உன் டெக் சற்று வேகமாக ஓடினால் அந்த ஹம்மும் ஏறித்தான் கேட்கும். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரப் படத்தில் ‘சைஸ்’ என்பதை 65536 என்று வைத்து, ஐம்பதின் மூன்று மடங்கான 150க்குப் பக்கத்தில் பார். சரியாக 150இல் நிற்கும் கோடு உன் டெக்குடையது. நாடா ஓடாதபோதும் அது இருக்கும். நாடா ஓடும்போது மட்டும் 154.5இல் இன்னொரு கோடு வந்தால், 3 சதவீதம் வேகம் கூடியிருக்கிறது. சுருதி, 1 கட்டைக்கும் 1½ கட்டைக்கும் உள்ள இடைவெளியில் பாதி ஏறிவிடும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையில் -2.9 கொடுத்தால் சரியாகிவிடும். டெம்போ கட்டளையில் கை வைக்காதே, அது சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ஓடியிருந்தால் கோடு அலையும், அந்தக் கேசட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது.

கணினியில் ஏற்றும்போது பதிவின் தரத்தை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வை. எதுவும் செய்யாத மூலக் கோப்பை இரண்டு டிஸ்க்கில் தனித்தனியே வைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் வேலை செய். கேசட் அட்டையில் கையால் எழுதியிருப்பதையும் படம் எடுத்து அதே போல்டரில் போடு.

முதல் கேசட்டின் ஏ பக்கத்தை மறுபடி ஏற்றி, அந்த ஸ்பெக்ட்ரத்தின் படத்தை எனக்கு அனுப்பு. வேகத்தைச் சேர்ந்து கணக்குப் போட்டுவிடுவோம்.

அன்புடன்,
அண்ணன்