அக்காவின் ஸ்கேன் பார்த்தேன்

அன்புள்ள சண்முகம்,

நீ அனுப்பிய ஸ்கேன் படங்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். நீ மூன்று தடவை போன் செய்தும் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இதைப் போனில் சொன்னால் பாதிதான் புரியும், எழுதினால் அக்காவுக்கும் வாசித்துக் காட்டுவாய்.

பல் துலக்கவே அக்கா பயப்படுகிறார், ஃபேன் காற்று கன்னத்தில் பட்டாலே ஷாக் அடித்த மாதிரி துடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. ஆனால் அந்த டாக்டர் மேல் நீ கோபப்படுவது நியாயமில்லை, சண்முகம். முக நரம்பு வலிக்காகக் கன்னம் வழியாகக் குத்திய ஊசி உள்ளே போகவில்லை என்றதும் அழுத்தித் தள்ளாமல் பாதியில் நிறுத்தினாரே, அதற்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது.

வாயோரத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் குத்துகிற ஊசி, மண்டையோட்டின் அடியில் ஓவேல் துளை என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் நுழைந்துதான் முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் (டிரைஜெமினல்) முடிச்சைத் தொட வேண்டும். கீழ்த்தாடைக்கு வரும் நரம்பு இறங்குகிற வாசல் அது. சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம், முழு உளுந்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஓவேல் என்றால் முட்டை வடிவம் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் பாதாம் மாதிரி இருந்தது உண்டு, உருண்டை உண்டு, வெறும் கீறல் மாதிரியும் உண்டு. ஒரே தலையில் இடமும் வலமும்கூட ஒத்துப்போகாது.

எங்கள் அனாடமி (உடற்கூறியல்) டிபார்ட்மென்டில் பிள்ளைகளுக்கு முதல் வேலையே மண்டையோட்டைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தென்னை ஈர்க்கை ஒவ்வொரு துளையிலும் விட்டு எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதுதான். ஒரு தடவை ஒரு பையன் ஓவேலுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஸ்பைனோசம் துளையைக் காணோம் என்று ஒரு மணி நேரம் தேடி, அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். வாங்கிப் பார்த்தால் இடப்பக்கம் உண்மையிலேயே துளை இல்லை! மூளையின் உறைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அது வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தோம். அந்தத் தமனி எலும்பில் பதித்த தடம் கண்குழிப் பக்கத்திலிருந்து புறப்பட்டிருந்தது. அந்த மனிதருக்கு அது கண் தமனியிலிருந்து கிளைத்து வந்திருக்கிறது, அதனால் கீழே துளை தேவைப்படவே இல்லை. அன்றைக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

கருவில் நரம்பும் ரத்தக்குழாயும்தான் முதலில் வருகின்றன, எலும்பு பிறகு அவற்றைச் சுற்றி உறைகிறது. உள்ளே எது எப்படி ஓடுகிறதோ அதன்படிதான் துளை. எல்லோருக்கும் ஒரே மாதிரி எப்படி அமையும், சொல்.

சரி, அக்கா விஷயம். ஓவேலுக்குப் பக்கத்தில் டெரிகாய்டு என்கிற எலும்புத் தட்டிலிருந்து பின்னால் ஒரு நார்க்கட்டு எல்லோருக்கும் போகும். சிலருக்கு அது எலும்பாகவே மாறிவிடும். சிவினினி என்ற இத்தாலியர் பெயரைச் சொல்வோம். அக்காவுக்கு வலி இருக்கிற வலப்பக்கத்தில் அந்த எலும்புப் பாலம் நன்றாகத் தெரிகிறது. ஊசி அதில்தான் முட்டியிருக்க வேண்டும். இது வியாதி இல்லை, ஊனமும் இல்லை, பிறந்ததிலிருந்து அக்காவுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. போதாததற்கு ஓவேலுக்கு முன்னால், உள்பக்கமாக, வெசாலியஸ் துளை என்கிற சின்ன ஓட்டை ஒன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்காது, சிறு ரத்தநாளம் மட்டும் போகும். ஊசி தவறி அதில் போய்விடக் கூடாது.

அப்புறம், வலப்பக்கம் இன்னொரு ஓட்டை பெரிதாக இருக்கிறதே, எலும்பு அரித்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா, அது கழுத்துச் சிரை இறங்குகிற ஜுகுலர் துளை. மூளையின் உச்சியிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலானவர்களுக்கு வலப்பக்கமாகத்தான் திரும்பி இறங்கும், அதனால் அந்தப் பக்கம் பெரிதாக இருப்பது சகஜம்.

டாக்டரிடம் போய் எலும்பு மட்டும் தெரிகிற முப்பரிமாணப் படம் வைத்து வேறு கோணம் கிடைக்குமா என்று கேள். கிடைக்காவிட்டால் காதுக்குப் பின்னால் திறந்து நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்குகிற ஆபரேஷன் இருக்கிறது, கதிர்வீச்சும் இருக்கிறது. எது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிக்குச் சாப்பிடும் கார்பமசெபின் மாத்திரையை மட்டும் அக்கா தானாக நிறுத்தக் கூடாது, கண்டிப்பாகச் சொல்.

எனக்கு ரிட்டையர் ஆகி ஆறு மாதம், வீட்டில் பேத்தி இருப்பதால் பொழுது போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பழைய மண்டையோட்டுப் படங்கள் வைத்திருக்கிறேன், எடுத்து வந்து அந்தப் பாலம் எங்கே இருக்கிறது என்று அக்காவுக்கே காட்டுகிறேன். எனக்காகத் தனியாகச் சமைக்க வேண்டாம். அக்காவுக்குக் குழைய வடித்து ஆறவைத்த ரசம் சாதமே எனக்கும் போதும்.

உன்,
ராமு