குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள், வராத உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் ஒத்திவைத்த கூட்டங்களும் இதில் அடக்கம். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது. மொட்டைமாடி விரிசல் பூசப்பட்டது.

இனி ஜெனரேட்டர். "சும்மா நிற்கிற மெஷினுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்கிறார்கள். சும்மா நிற்பதுதான் அதற்குக் கேடு. நம்முடையது 125 கேவிஏ திறன் கொண்டது, 0.8 பவர் ஃபேக்டர் கணக்கில் நாம் பயன்படுத்தக் கிடைப்பது 100 கிலோவாட். லோடே (அதாவது மின்சுமையே) இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது முன்பு வழக்கம். முழுத் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே லோடு வைத்து அடிக்கடி ஓட்டினால் எஞ்சின் போதிய அளவு சூடாகாது, டீசல் முழுதாக எரியாது. சைலன்சர் மூட்டிலிருந்து கறுப்பாகப் பிசுபிசுவென்று தரையில் சொட்டியது அந்த எரியாத டீசல்தான். பெயின்டர் கொட்டிவிட்டார் என்று புகார் எழுதிய உறுப்பினர் கவனிக்கவும். இப்போது லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு எல்லாவற்றையும் ஏற்றி மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுகிறோம், சொட்டு நின்றுவிட்டது. ஞாயிறு தூக்கம் கெடுகிறது என்று கையெழுத்து வாங்கியவர்கள், அந்த ஒற்றுமையைப் பொதுக்குழுவிலும் காட்டியிருக்கலாம்.

கரண்ட் போன அன்று ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் பேட்டரி, எஞ்சின் அல்ல. புது பேட்டரிக்கான ஒப்புதல் கோரம் இல்லாமல் இரண்டு கூட்டம் தள்ளிப்போயிருந்தது. லிஃப்டில் சிக்கிக்கொண்டவர் அந்த இரண்டுக்கும் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை, வருகைப் பதிவேடு சொல்கிறது.

டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தோம். விட்டிருந்தால் டீசலில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைத்திருக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் மின்சாரம்தான் கிடைக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது ஹீட்டர் போடுபவர்கள் யோசிக்கவும்.

வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. மொத்தத்தில் சமாளித்தோம். டீசல் நிதியிலிருந்து பூச்சு வேலைக்கு எடுத்தது இன்னும் திரும்பவில்லை. சந்தா பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பாக்கிதாரர் வீடுகளுக்கு ஜெனரேட்டர் லைனைத் துண்டிக்கலாம் என்ற யோசனையை இந்த ஆண்டு எதிர்த்தேன். அடுத்த ஆண்டு எதிர்ப்பேன் என்று உறுதி சொல்வதற்கில்லை.

தணிக்கையாளர், எலக்ட்ரீஷியன், காவலாளி ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட் மாற்ற வேண்டும். செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் பேனல் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்