இட்லிக்கார ஆச்சிக்கு நன்றி

1982 ஜனவரி 18 அன்று பம்பாய்ப் பஞ்சாலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான எங்கள் அப்பாவை நம்பி, தாராவியின் ஒற்றை அறையில் பாட்டியும் அம்மாவும் ஏழு பிள்ளைகளும் இருந்தோம். சம்பளம் நின்றுபோன அந்த நாட்களில், சந்து முனையில் இட்லி அவித்து விற்ற திருநெல்வேலி ஆச்சி, அம்மாவை மாவாட்டும் வேலைக்கு அழைத்துக்கொண்டு, கூலியை அன்றன்றே கொடுத்தார். விடியுமுன் பெரிய அலுமினியப் பாத்திரங்களில் இட்லியை அடுக்கி, ஆட்களைத் தலைச்சுமையாக நகருக்குள் அனுப்பிய பிறகு, உடைந்தவற்றை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து, "மிச்சம் கெடந்ததுதாம்லே, எடுத்துட்டுப் போங்க" என்று எங்களிடம் தருவார். உடையாத இட்லிகளும் அதில் எப்படியோ கலந்திருக்கும். அது தற்செயல் என்று நாங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. அம்மாவின் தன்மானம் அறிந்தே அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு நாங்கள் வெறும் வயிற்றோடு போகாதிருந்தது அவரால்தான். அப்பா பின்னர் தோல் பட்டறையொன்றில் சேர்ந்தார். ஆச்சியின் பெயரை நாங்கள் யாரும் கேட்டதேயில்லை. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படிக்க நேர்ந்தால், எங்கள் ஏழு பேரின் நன்றியையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.